கோப்பையும் கம்பி வலையும்

வைன் ரசிகர்களைப் பிடித்திருக்கும் புதுக் காய்ச்சல் ஆரஞ்சு வைன். ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வெள்ளைத் திராட்சைச் சாற்றைத் தோலோடு ஊறவிட்டால் வருகிற நிறம் அது. ஜார்ஜியாவில் மண்ணுக்குள் புதைத்த பெரிய பானையில் நொதிக்க விடுகிறார்கள். 2013இல் யுனெஸ்கோ அந்த முறையைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக் கௌரவித்தது. நம் பக்கம் ஊறல் பானையைப் புதைத்தால் மதுவிலக்குப் போலீஸ் வந்து தோண்டிக் கௌரவிக்கும்.

இந்த மலைச்சரிவு, இந்த மண், இந்தத் தண்ணீர் என்று வைன் ரசிகர்கள் உருகுவதைக் கேட்டால் அழகர்கோவில்காரர்களுக்குச் சிரிப்பு வரும். கள்ளழகர் திருமஞ்சனத்துக்கு மலைமேல் நூபுர கங்கைத் தீர்த்தம்தான். வேறு தண்ணீர் பட்டால் திருமேனி கறுத்துவிடும் என்பது ஐதீகம். கோப்பையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கொப்பளித்துத் துப்புகிற எந்த நிபுணரும் இவ்வளவு கறார் கிடையாது.

கருப்பசாமி இதற்கு நேர் எதிர். சுற்றுவட்டாரக் கிராமங்களில் சுருட்டோடு சரக்கும் படைக்கிறார்கள். எந்த வருடத்துச் சரக்கு என்று அவர் கேட்டதாகத் தகவல் இல்லை.

சரி, நம் மண்ணின் திராட்சையையே ருசிப்போம் என்கிறீர்களா? கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. டாஸ்மாக் கம்பி வலைக்குள் கையை நீட்டி, வைன் பாட்டிலைக் காட்டி, “இது எந்தச் சரிவில் விளைந்த திராட்சை?” என்று விசாரியுங்கள். விற்பனையாளர் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நிற்பவர் பதில் சொல்லிவிடுவார்.