முக்கியமான புத்தகம்

தமிழில் ஒரு கோட்பாட்டு நூலைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல மூன்று சொற்கள் போதும். முக்கியமான, காத்திரமான, தவிர்க்க முடியாத. எந்த வரிசையிலும் மாற்றிப் போடலாம். புத்தகத்தைத் திறக்க வேண்டிய அவசியம் மூன்றிலும் இல்லை. 'தவிர்க்க முடியாத நூல்' என்று மேடையில் முழங்குகிறவர்தான் அதை வெற்றிகரமாகத் தவிர்த்தவர்.

போன வருஷம் ஒரு ஞாயிறு மாலை அப்படியொரு கூட்டத்துக்குப் போனேன். பின்நவீனத்துவம் பற்றிய புத்தகம், முந்நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே, விலை 380 ரூபாய். கருத்துரைக்க மூன்று பேர். முதலாமவர் நாற்பது நிமிஷம் பேசினார். அதில் முப்பத்தைந்து நிமிஷம், அவரும் நூலாசிரியரும் ஒரே அறையில் தங்கி ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்ட காலத்துக் கதை. மீதி ஐந்து நிமிஷத்தில் இது முக்கியமான புத்தகம் ஆகிவிட்டது.

இரண்டாமவர் தத்துவ ஆள். ரோலான் பார்த் சொன்னபடி ஆசிரியன் இறந்துவிட்டான் என்று கண்டிப்பாக அறிவித்தார். அறிவித்த கையோடு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்தினார். சரிதான், செத்தவருக்குக் கோடி போடுவது நம் வழக்கம்தானே. மூன்றாமவர் பெருங்கதையாடல்களின் காலம் முடிந்துவிட்டது என்பதை ஒன்றேகால் மணி நேரப் பெருங்கதையாகச் சொன்னார். டீ ஆறி ஆடை கட்டியது.

'கேள்விகள் இருந்தால்' என்று தலைவர் வாயெடுத்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். எம்.ஏ. தமிழ் படிக்கிறவள். "சார், 64-ஆம் பக்கத்துக்கு அப்புறம் மறுபடியும் 49 வருது. 65-லேர்ந்து 80 வரைக்கும் இல்லை. அதுலதான் தெரிதா பத்தின பகுதி இருக்குன்னு பொருளடக்கத்துல போட்டிருக்கு. உங்க புத்தகத்துல இருக்கா சார்?"

ஒரு பாரம் இரண்டு முறை தைக்கப்பட்டு, அடுத்த பாரம் விடுபட்டிருக்கிறது. பைண்டிங்கில் நடக்கிற சாதாரணப் பிழை. மேடையில் இருந்த மூன்று பிரதிகளும் அதே லட்சணம்தான். மூன்று பேரும் புரட்டிப் பார்த்தார்கள். அந்த மாலையில் அவர்கள் அந்தப் புத்தகத்தைப் புரட்டியது அதுதான் முதல் தடவை. முதலில் சுதாரித்தவர் இரண்டாமவர். "இல்லாமையையும் நாம் வாசிக்கப் பழக வேண்டும்மா" என்றார். அரங்கில் கைதட்டல். நான் கேட்டேன், என் இரண்டு காதால்.

எனக்கு ஆத்திரம் வந்த இடம் அதுதான். அந்த மூன்று பேரும் கையெழுத்தோடு இலவசமாக வாங்கியவர்கள். அந்தப் பெண் காசு கொடுத்து வாங்கியவள். 64-க்குப் பிறகு 65 வரவேண்டும் என்று எதிர்பார்த்த ஒரே ஆள். பரிசாகக் கிடைத்தது ஓர் உபதேசமும், "புத்தகக் கண்காட்சியில வந்து மாத்திக்கம்மா" என்கிற பதிலும். நந்தனத்தில் கண்காட்சி வைப்பது ஜனவரியில். கூட்டம் நடந்தது ஜூலையில்.

ஆசிரியன் இறந்துவிட்டான் என்கிற பார்த்தின் கட்டுரை 1967-இல் ஆங்கிலத்தில் வந்தது. சில பக்கம்தான். காபி ஆறுவதற்குள் படித்துவிடலாம். எழுதினவனின் நோக்கத்தைக் கொண்டு பிரதியின் பொருளுக்குப் பூட்டுப் போடாதே என்கிறார். ஆசிரியனின் சாவில்தான் வாசகன் பிறக்கிறான் என்பது அதன் முடிவு. நாம் பாதியை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம். சாவு வீட்டுக்குப் பந்தல் போட்டாயிற்று. பிரசவம் பார்க்கத்தான் ஆளில்லை.

படிக்காமல் பேசுகிற இந்த வியாதி புதிதும் அல்ல. 1982-இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அதை முன்னோடி நூல் என்று கும்பிடுகிற கட்சி ஒன்று, புரியாத நூல் என்று காறித் துப்புகிற கட்சி ஒன்று. மொழியியலாளர் சசூரின் குறிப்பானும் குறிப்பீடும் என்னவென்று நாலு வாக்கியம் சொல்லச் சொன்னால் இரண்டு கட்சிக்கும் ஒரே நேரத்தில் பஸ் வந்துவிடும். கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' கதையும் இதேதான். நாவலின் பிறப்பைச் சமூக மாற்றத்தோடு பொருத்திப் பார்த்த அந்த நூலை வெங்கட் சாமிநாதன் நார்நாராகக் கிழித்து எழுதினார். இரண்டையும் படித்துவிட்டு ஒரு பக்கம் சாய்கிறவரோடு விடிய விடியச் சண்டை போடலாம். எனக்கு வாய்ப்பதெல்லாம் ஆள் யார், சாதி என்ன, கட்சி எது என்று விசாரித்துவிட்டு அபிப்பிராயம் சொல்கிறவர்கள். இதற்குப் புத்தகம் எதற்கு? வாக்காளர் பட்டியல் போதும்.

மொழிபெயர்க்கிறவர்கள் செய்கிற கூத்து தனி. தெரிதாவின் டீகன்ஸ்ட்ரக்‌ஷன் என்கிற ஒரே சங்கதிக்கு ஒருவர் கட்டவிழ்ப்பு என்கிறார், இன்னொருவர் கட்டுடைப்பு, மற்றொருவர் தகர்ப்பமைப்பு. டெக்ஸ்ட் இங்கே பிரதி, அடுத்த தெருவில் பனுவல். டிஸ்கோர்ஸ் காலையில் சொல்லாடல், சாயந்திரம் கருத்தாடல். மூன்று பேர் ஒன்றையே பேசிக்கொண்டு ஒருவரையொருவர் மறுக்கிறார்கள். கடைசியில் ஒரு சொல்லடைவு போட்டால் பாதிக் குழப்பம் தீரும். போடமாட்டார்கள். அதைத் தயாரிக்க யாராவது ஒருவர் புத்தகத்தை முழுதாகப் படித்தாக வேண்டுமே.

நான் மட்டும் யோக்கியன் இல்லை. வாலிபத்தில் ஒரு ஃபூக்கோ புத்தகத்தை அட்டை வெளியே தெரியும்படி அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு வருஷம் அலைந்திருக்கிறேன். பின்னட்டையை மட்டும் பார்த்து ஒரு சிற்றிதழுக்கு மதிப்புரை எழுதியிருக்கிறேன். நூலாசிரியர் நன்றி சொல்லிக் கடிதம் போட்டார். என்னை இவ்வளவு ஆழமாக யாரும் வாசித்ததில்லை என்று. அந்தக் கடிதத்தை இன்னும் என்னால் கிழித்துப்போட முடியவில்லை.

இறையனார் களவியல் உரையில் ஒரு கதை வருகிறது. சங்கப் புலவர்கள் இறையனாரின் நூலுக்கு ஆளுக்கோர் உரை எழுதிவிட்டு, எது மெய்யுரை என்று தீர்க்க ஆள் தேடுகிறார்கள். அகப்பட்டவன் உருத்திரசன்மன். ஐந்து வயசு, அதிலும் ஊமை. மற்றவர்களின் உரைக்கெல்லாம் பேசாமல் உட்கார்ந்திருந்த பிள்ளை, மருதனிளநாகனார் உரையைக் கேட்டு அங்கங்கே கண்ணீர் விட்டான். நக்கீரர் உரைக்குச் சொல்லுக்குச் சொல் அழுதான், மயிர் சிலிர்த்தான். அதுவே தீர்ப்பு. நாற்பத்தொன்பது புலவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காட்சியை நினைத்துப் பாருங்கள். இன்றைக்கு அந்தப் பிள்ளையைக் கூட்டி வந்தால் 'விமர்சனத்தில் காத்திரம் போதாது' என்று சொல்லி, ஒரு போண்டாவைக் கையில் கொடுத்து, பின்வரிசையில் உட்கார வைத்துவிடுவோம்.

'புரியவில்லை' என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கும் தைரியம் இல்லை. சொன்னால் பயிற்சி போதாது என்பார்கள். எந்தப் பக்கத்தில், எந்த வரியில் புரியவில்லை என்று காட்டினாலோ அது அதைவிடப் பெரிய குற்றம். எதிரே இருப்பவரும் அந்தப் பக்கத்தைத் திறந்தாக வேண்டிவரும்.

இரண்டு மாசம் கழித்துத் திருவல்லிக்கேணியில் பைக்ராப்ட்ஸ் ரோடு பழைய புத்தக நடைபாதையில் அதே புத்தகம் கிடந்தது. உள்ளே, பொன்னாடை போர்த்தியவர் பெயருக்கு ஆசிரியர் கையெழுத்து: 'என் ஆகச் சிறந்த வாசகருக்கு'. ஒன்பதாம் பக்கம் வரை பென்சில் கோடு. அதன் பிறகு காகிதம் மடிப்புக் கலையாத வேட்டி மாதிரி இருந்தது. 49-ஐத் தேடினேன். இரண்டு முறை இருந்தது.

"என்ன புக்கு சார் அது, கதையா?" என்றார் கடைக்காரர்.

"இல்லைங்க."

"கவிதையா?"

"அதுவும் இல்லை."

வாங்கி ஒரு தரம் புரட்டினார். பதினைந்து நொடி இருக்கும். "நடுவுல பக்கம் மாறியிருக்கு சார். நீ முப்பது ரூபா குடு."

மேடையில் மூன்று பேருக்கு அகப்படாதது.