நோட்டீஸ் அண்ணாச்சி

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துத் தமிழர்களுக்கு வாடகைத் தகராறு வந்தால் நேரே வஞ்சியூர் கோர்ட்டுக்குப் போய்விட மாட்டார்கள். முதலில் நோட்டீஸ் அண்ணாச்சியைப் பார்ப்பார்கள். அண்ணாச்சி சட்டம் படித்தவரல்ல. சர்க்கார் ஆபீஸில் ஃபைல் கட்டி ஓய்வு பெற்றவர். ஊரார் போட்ட மனுக்களைப் படித்துப் படித்தே ஒரு ருசி ஏற்பட்டுவிட்டது. கக்கத்தில் ரெக்சின் பை. உள்ளே முழுநீள வெள்ளைத்தாள், கார்பன் பேப்பர், போன வருஷத்து டைரி.

யார் என்ன கஷ்டம் சொல்லி அழுதாலும் அண்ணாச்சி கேட்கும் முதல் கேள்வி, "என்னைக்கு?" செக் திரும்பி வந்தவன் திருட்டு முழி முழிப்பான். "பேங்க் தகவல் கையில கிடைச்சு முப்பது நாளைக்குள்ள நோட்டீஸ் போவணும் வே. அவனுக்குப் பதினஞ்சு நாள் தவணை. தரலேன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள கேஸ். தேதி போச்சுன்னா கேஸும் போச்சு." அத்தனையும் சரி. ஆனால் அந்தப் பதினைந்து நாள் அவருக்குப் பிடித்துப்போய், எல்லாருக்கும் அதையே கொடுக்க ஆரம்பித்துவிட்டார். மாடி வீட்டுக் குழாய் ஒழுகினாலும் பதினைந்து நாள், இரவல் போன இட்லிக் கொப்பரை திரும்பி வராவிட்டாலும் பதினைந்து நாள்.

அண்ணாச்சி சொல்வதில் முக்கால்வாசி சரியாகவே இருக்கும். அதுதான் சங்கடம், ஒதுக்கித் தள்ளவும் முடியாது. பதினோரு மாச ஒப்பந்தம் முடிந்தது, வீட்டைக் காலி செய் என்று வீட்டுக்காரர் நின்றபோது, 1965-ஆம் வருஷத்துக் கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்து விட்டார். "பதினோரு மாசம்கிறது ரிஜிஸ்டர் பண்ணாம தப்பிக்கிறதுக்கு வே. அது முடிஞ்சதும் ஆளை இறக்கிவிடலாம்னு எவன் சொன்னான்? சொந்தத் தேவைன்னா ரென்ட் கன்ட்ரோல் கோர்ட்டிலே நிரூபியும்." வீட்டுக்காரர் வாயடைத்துப் போனார். வாடகைக்காரருக்கும் கொஞ்சம் பயம்தான். பதிலுக்குத் தன் மேலும் ஏதாவது சட்டம் பாயுமோ என்று.

அவருக்கு இரண்டு துக்கங்கள். ஒன்று பழையது: 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்தபோது தலைநகரம் இங்கே நின்றது, ஹைக்கோர்ட் எறணாகுளத்துக்குப் போனது. இங்கே ஒரு பெஞ்சாவது வேண்டும் என்று வக்கீல்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அண்ணாச்சி அதைச் சொந்த வீட்டு நகை போன மாதிரி பேசுவார். மற்றது புதுசு. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. மோசடி இப்போது 318. புதுச் சட்டத்தில் மொத்தமே 358 பிரிவுகள்தான், ஆகவே 420 என்ற எண்ணே கிடையாது. "ஒருத்தனைப் பாத்து, போடா முந்நூத்திப் பதினெட்டேன்னா, அவன் பஸ் நம்பர்னு நெனைப்பான் வே!"

ஒரு தடவை மட்டும் அவர் திணறிப் பார்த்தேன். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண். காலையில் நின்றால் கடை சாத்தும் வரை நிற்கவேண்டும், கெண்டைக்கால் நரம்பு கயிறாகத் தடித்திருந்தது. அண்ணாச்சி உற்சாகமாகிவிட்டார். கோழிக்கோடு மிட்டாய்த் தெருப் பெண்கள் போராடியது, 2018-ல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமை கொடுத்தது, தமிழ்நாடு 2021-ல்தான் பின்னால் வந்தது எல்லாம் சொன்னார்.

"சட்டம் இருக்கு அண்ணாச்சி. ஸ்டூல்தான் இல்லை."

"லேபர் ஆபீசருக்கு ஒரு புகார் எழுதிப்போடுவோம், மக்களே."

"அதிலே எம்பேரு வருமா?"

"பேரில்லாம எப்படி?"

"அப்பம் வேண்டாம்."

அன்றைக்கு அண்ணாச்சி பையைத் திறக்கவில்லை. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரவேண்டும் என்று 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் சட்டம் சொல்கிறது, 15100-க்கு ஒரு போன் போட்டால் போதும். அண்ணாச்சிக்கு இது தெரியாதா? தெரியும். அந்தப் பக்கம் போனால் லோக் அதாலத் என்று உட்கார்த்திச் சமாதானம் பண்ணி வைத்துவிடுவார்களே என்றுதான் வாயைத் திறக்கவில்லை. அங்கே முடிந்தால் அப்பீலும் கிடையாது.

சமாதானம்தான் அவருக்கு ஜென்ம விரோதி. கரமனையில் ஒரு தென்னை, மதிலைத் தாண்டிச் சாய்ந்து பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் மேல் தேங்காயைப் போட்டது. அண்ணாச்சி ராத்திரி கண்விழித்து நாலு பக்க நோட்டீஸ் தயார் செய்தார். மரத்தின் சாய்மானம், மதிலின் உயரம், ஸ்கூட்டர் கண்ணாடியின் விலை எதுவும் விடவில்லை. காலையில் கொண்டுபோனால், மரத்துக்காரர் ஆளை ஏற்றிக் குலையை வெட்டி, எட்டுத் தேங்காயும் கண்ணாடிக்குக் காசும் கொடுத்தனுப்பியிருந்தார். ஸ்கூட்டர்காரர் வீட்டில் அவியலுக்குத் துருவிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சி படியேறவில்லை.

"பேசித் தீத்தாச்சு, என்ன?"

"ஆமா அண்ணாச்சி, நல்ல மனுஷன்."

"இருக்கட்டும். எழுத்திலே இருக்கா?"

"எட்டுத் தேங்காய்க்கு எழுத்தா?"

அண்ணாச்சி திண்ணையில் உட்கார்ந்து ரெக்சின் பையைத் திறந்தார். கார்பன் பேப்பரைச் செருகினார். "பெற்றுக்கொண்டேன்னு ஒரு ரசீதாவது கையெழுத்துப் போட்டுக் கொடும் வே. நாளைக்கு, ஏழுதான் தந்தான்னு நீர் சொன்னா, அவன் எங்கே போவான்?"