தோட்டாப் பஞ்சம்

அமெரிக்காவில் 2020-இல் துப்பாக்கி வாங்கலுக்கும் உரிமத்துக்குமாக எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சரிபார்ப்புக்குப் போனவை ஏறத்தாழ 3.97 கோடி. துப்பாக்கி வந்தால் தோட்டா வேண்டாமா? அலமாரி காலியானது, காலி அலமாரியைக் கண்டவர் அடுத்தமுறை கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளினார். பஞ்சத்துக்கு அஞ்சியவரே பஞ்சத்தைப் பெற்றெடுத்தார். கம்பெனிகள்தாம் சரக்கை ஒளித்தன என்பார்கள். எக்கச்சக்க விலைக்கு விற்கும் நாளில் கிடங்கைப் பூட்டிவைக்க எந்த வியாபாரிக்குப் பைத்தியம்? சுட்ட கூட்டையே திரும்ப நிரப்பும் சிக்கனக்காரர்களும் தப்பவில்லை. பித்தளைக் கூடு கையிலிருக்கும், ஈயத்தை உருக்கி வார்க்கலாம். பொறி தட்டும் அந்தப் பொட்டளவு பிரைமருக்குக் கடைவாசல்தான் கதி. அதன் உள்நாட்டுப் பெரும் பெயர்கள் நான்கு. அவற்றில் ஒன்றான ரெமிங்டன் திவாலான பின், 2020-இல் நான்கில் மூன்று விஸ்டா அவுட்டோர் என்ற ஒரே கூரைக்குள் வந்தன. இதுதான் சிக்கனக்காரரின் சுயசார்பு! 2013-இலும் பாயிண்ட் 22 தோட்டாவுக்கு இதே கூத்துதான் நடந்தது.