மொட்டை மாடியில் இறந்தகாலம்: குடை திருப்புதல் குறித்த ஒரு தொடக்கநிலை ஆய்வு

டிடிஎச் குடையைத் திருப்பிச் சிக்னல் பிடித்தல் என்பது மூவர் கூடிச் செய்யும் வேள்வி. மாடியில் ஸ்பேனரோடு நிற்பவர் கர்த்தா. படிக்கட்டுத் திருப்பத்தில் நிற்பவர் தூதர். கூடத்தில் டிவி முன் அமர்ந்திருப்பவர் சாட்சி. இம்மூவரிடையே வழங்கும் மொழி மிகச் சிறியது. "வந்துச்சா?", "இல்ல", "இப்ப?", "வந்துச்சு... ஐயோ, போச்சு." இவ்வளவே அதன் இலக்கியம். இதற்கு இன்றுவரை ஓர் உரைகூட இல்லை என்பது நம் கல்விப்புலங்களுக்குப் பெருமை சேர்ப்பதன்று.

ஆய்வுக்களம் சென்னையில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. காலம், காற்றும் மழையும் ஓய்ந்த ஒரு ஞாயிறு. கர்த்தா இவ்வாய்வாளர், தூதர் அக்கா மகன், வயது ஒன்பது, சாட்சி அம்மா.

முதலில் திசை. நாம் பிடிக்க வேண்டிய செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில். சென்னையிலிருந்து கணக்கிட்டால் அது சரியாகத் தென்கிழக்கு, அதாவது அக்னி மூலை. ஏற்றம் சுமார் 68 பாகை. 83 பாகையில் நிற்கும் கோளுக்கு உரிய குடையோ ஏறக்குறைய எமதிசையைப் பார்க்கும். எந்தக் கம்பெனிக்குச் சந்தா கட்டலாம் என்பதில் வாஸ்து நிபுணர்கள் இன்னும் தலையிடாதது ஏன் என்று விளங்கவில்லை.

இங்கே ஓர் ஐயம் எழும். 68 பாகை என்றால் குடை ஏறத்தாழ வானத்தையே பார்க்க வேண்டாமோ? நம் மாடிக் குடை எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை அல்லவா முறைக்கிறது? அஃது ஒரு நடிப்பு என்க. இவ்வகைக் குடைகள் தாம் பார்க்கும் திசைக்கு இருபது பாகைக்கும் மேலேயிருந்து வருவதைத்தான் வாங்கி, முன்னே நீட்டிய கையில் இருக்கும் எல்.என்.பி.யில் சேர்க்கும். முகம் ஓரிடம், கவனம் ஓரிடம். கல்யாணப் பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்திருப்பவர் கண்ணையும் பாயச வாளியையும் ஒப்புநோக்குக.

அறுபது சென்டிமீட்டர் குடையின் விளிம்பு ஒன்றரை சென்டிமீட்டர் நகர்ந்தால் மூன்று பாகை பிசகும். அங்கே மேலே அது சுமார் 1,900 கிலோமீட்டர். ஒரு காகம் உட்கார்ந்து எழுந்தாலே போதும். இந்த உயரத்தில் கோள்களை நிறுத்தி உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945-இல் கட்டுரை எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அவர் கொழும்பில் குடியிருந்தபோது, 1975-இல், இஸ்ரோ பொறியாளர்கள் வந்து அவர் வீட்டில் குடை அமைத்துத் தந்தார்கள். இடம் சொன்னவருக்கே திருப்பிவிட ஆள் தேவைப்பட்டது என்பதைப் பொறுமையிழந்த கர்த்தாக்கள் நினைவிற்கொள்க.

இனி மையச் சிக்கல். விண்ணிலிருந்து குடைக்குச் சிக்னல் வந்து சேர ஆகும் நேரம் 0.12 நொடி. அதைப் பெட்டி அடையாளம் கண்டு படமாக்கச் சில நொடி. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் பார்த்து "வந்துச்சுடா" என்று சொல்ல மேலும் சில. தூதர் அதை மாடிக்கு ஏற்றும்போது "மாமா, வந்துச்சாம்!" ஆகிவிடுகிறது. இந்த 'ஆம்' கவனிக்கத்தக்கது. தூதர் தாம் கண்டதில்லை, பிறர் சொல்லக் கேட்டதே என்று பொறுப்பைக் கழற்றிக்கொள்கிறார். அதற்குள் கர்த்தாவின் கை அந்த இடத்தைக் கடந்து போயிருக்கும். ஆகவே 'வந்துச்சு' என்பது பிழையற்ற இறந்தகாலம். வந்தது, இப்போது இல்லை. ஒரு விரற்கடை திருப்பி, கையை எடுத்து, பத்து எண்ணிவிட்டுக் கேட்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும் விதி. இதைக் கடைப்பிடித்த மனிதரை நான் கண்டதில்லை.

விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் காலம் மயங்கலாம் என்று நன்னூல் இடம் தருகிறது. சோற்றில் கை வைத்திருப்பவர் வாசலில் நிற்பவரிடம் "இதோ வந்துட்டேன்" என்பது விரைவு. அம்மா, திரையில் நீலம் போய்க் கறுப்பு வந்ததற்கே "வந்துச்சு" என்றது இந்நான்கிலும் அடங்காது. ஐந்தாவதாக 'ஏழரை மணி சீரியல்' என்பதையும் சேர்க்க வேண்டும்.

களப்பணியில் ஒன்றேகால் மணி நேரம் வீணானதற்குக் காரணம் வேறு. பெட்டி இரண்டு பட்டைகளைக் காட்டும். ஒன்று வலிமை, மற்றது தரம். எல்.என்.பி.யும் கேபிளும் நலமாக இருந்தாலே வலிமை ஏறி நிற்கும். குடை பக்கத்து வீட்டு வேப்பமரத்தைப் பார்த்தாலும் குறையாது. தரம், சரியான கோள் சிக்கினால்தான் எழும். "எவ்வளவும்மா?" என்று கேட்கும்போதெல்லாம் அம்மா மேல்பட்டையை மட்டும் படித்து "எண்பதுடா, நல்லா இருக்கு" என்றார். கீழ்ப்பட்டையில் சுழியம். அதைக் கேட்டபோது, "அத நீ கேக்கவே இல்லையே" என்றார்.

550 கிலோமீட்டரில் ஓடும் கோள்களைத் தாமே தேடிப் பிடிக்கும் இணையத் தட்டுகள் இப்போது உண்டு. அவற்றுக்குத் தூதரும் வேண்டாம், 'ஆம்' விகுதியும் வேண்டாம். ஆதலின் அவை இவ்வாய்வுக்குப் புறம்பானவை.

மாலையில் தரம் எழுபதைத் தொட்டது. நட்டை இறுக்கியதும் குடை சற்றுத் திரும்பி முப்பதுக்கு இறங்கியது. இது எல்லா நட்டுக்கும் பொது. ஸ்டாண்டின் ஒரு காலுக்கு அடியில் அரைச் செங்கல் வைத்த பிறகே எழுபது நிலைத்தது. யாரும் தொடக்கூடாது என்று மூவருக்கும் அறிவிக்கப்பட்டது.

செவ்வாய் காலை கூடத்தில் மீண்டும் 'நோ சிக்னல்'. மாடிக்குப் போனேன். நல்ல வெயில். அம்மா பழைய வேட்டி விரித்துக் கூழ் வடாம் பிழிந்து முடித்திருந்தார். காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் பாரம். மூன்றில் கருங்கல். அக்னி மூலையில் அரைச் செங்கல்.