நாலு நாற்காலி போட்டால் நாற்றம் அடங்கும்

இங்கிலாந்தின் வீட்டுவசதி, சமூகங்கள், உள்ளாட்சி அமைச்சகத்தில் திட்ட அனுமதி விதிகளை எழுதும் பெரியோர்களுக்கு,

முதலில் ஒரு பாராட்டு. 2024 டிசம்பரில் நீங்கள் திருத்தி வெளியிட்ட தேசியத் திட்டக் கொள்கை, பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து போகும் தூரத்துக்குள், சூடான உணவை வாங்கிக்கொண்டு போகும் டேக்அவே கடை திறக்க விண்ணப்பம் வந்தால் கவுன்சில்கள் மறுக்க வேண்டும் என்கிறது. லண்டன் பெருந்திட்டம் 2021லேயே நாடாவைப் பிடித்து, பள்ளி வாசலிலிருந்து 400 மீட்டர் என்று கோடு கிழித்துவிட்டது. பிள்ளைகள் பொரித்த கோழியும் சிப்ஸும் தின்று பெருத்துப்போகக் கூடாது என்ற கவலை நியாயமானதே. பள்ளி விட்டதும் அந்தப் பிள்ளை எங்கே போகிறது என்று மட்டும் நீங்கள் விசாரிக்கவில்லை. வீட்டுக்குத்தான் போகிறது. அந்த வீடு கோழிக்கடைக்கு நேர் மேல்மாடியாக இருந்தால் உங்கள் நாடா சுருண்டுகொள்கிறது. பள்ளி வாசலுக்கு 400 மீட்டர், படுக்கையறைச் சன்னலுக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. கடை நகர மையத்துக்குள் வந்துவிட்டால் பள்ளிக்கான தடையும் விலகிவிடுமாம். மையத்தில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொழுப்பு ஒட்டாது போலும்.

உங்கள் தேசியக் கொள்கையில் அதே பத்தியின் அடுத்த பிரிவைக் காட்டுவீர்கள். கடைகள் குவிந்து உடல்நலமும் காற்றும் தெரு ஒழுங்கும் கெடுவதற்குச் சான்று இருந்தால் மறுக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் குவிந்த பிறகல்லவா அது கண் விழிக்கிறது? குடியிருப்புத் தெருவின் மூலையில் முதல் கடை வரும்போது குவியலும் இல்லை, சான்றும் இல்லை. மேல்மாடிக்காரர்கள் இன்னும் நான்கு கடைகள் வரட்டும் என்று பிரார்த்தித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

உங்கள் அறிவியல் கண்டுபிடிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2020 செப்டம்பரில் வந்தது. அன்று முதல் துணிக்கடை, வங்கி, அலுவலகம், உணவகம் எல்லாம் ‘ஈ’ என்ற ஒரே பயன்பாட்டு வகுப்பில் சேர்ந்தன. டேக்அவேயோ எந்த வகுப்பிலும் சேராத தனி இனமாக வெளியே நிறுத்தப்பட்டது. ஆகவே மூடிக்கிடக்கும் துணிக்கடையை டேக்அவேயாக மாற்ற அனுமதி கேட்க வேண்டும். அதே கடையை உணவகமாக மாற்றினால் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதியே தேவையில்லை. அதே எண்ணெய்ச் சட்டி, அதே மசாலா, அதே விசிறி. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும். மேலே எழும்பும் எண்ணெய்ப் புகையை நாலு நாற்காலிகள் அடக்கிவிடும் என்பதைப் பௌதிகப் பேராசிரியர்கள் இன்னும் அறியவில்லை. வெளிச்சுவரில் புகைபோக்கி பொருத்தத் தனி அனுமதி வேண்டுமே என்பீர்கள். வேண்டும்தான். ஆனால் அப்போது வழக்கு குழாயின் மேல் நடக்கிறது. அந்த இடத்துக்கு அந்தக் கடை தகுமா என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

தூரம் இல்லாவிட்டால் என்ன, நிபந்தனைகள் இருக்கின்றனவே என்பது உங்களுடைய வழக்கமான சமாதானம். இரவு இத்தனை மணிக்கு மூட வேண்டும், வடிகட்டியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், விசிறியின் இரைச்சல் இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று அனுமதிக் கடிதத்தில் வரிசையாக எழுதப்படும். படிக்கச் சுகமாகத்தான் இருக்கும். இரவு 11 மணிக்கு மேல் சூடான உணவு விற்க 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். அதைத் தருவது அதே கவுன்சிலின் வேறொரு மேசை. ஒரு மேசை 11 மணிக்கு மூடு என்றும் மற்ற மேசை 2 மணி வரை விற்கலாம் என்றும் சொல்ல இடமிருக்கிறது. நிபந்தனையை மீறினால் நடவடிக்கை எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கவுன்சிலுக்கு இல்லை. உசிதமென்று பட்டால் எடுக்கலாம். படாமலே பத்து வருடம் ஓடிவிட்டால்? தொடர்ந்து 10 ஆண்டுகள் மீறப்பட்ட நிபந்தனை மீது பிறகு கை வைக்க முடியாது. நிபந்தனையை ஒன்பது ஆண்டுகள் மீறியவர் குற்றவாளி, பத்து ஆண்டுகள் மீறியவர் உரிமையாளர். ஒழுங்காக 11 மணிக்கு மூடிய அப்பாவிக்கு இந்த வெகுமதி கிடைக்காது. நாற்றத்துக்கென்று 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் உண்டே என்றால், அதில் கடைக்காரருக்கு ஒரு கேடயமும் உண்டு. நடைமுறையில் முடிந்த வழிகளையெல்லாம் செய்துவிட்டேன் என்று அவர் நிரூபித்தால் போதும். மேலே இருப்பவர் நடைமுறையில் முடிந்த வரை மூச்சை அடக்கிக்கொள்ளலாம்.

இதெல்லாம் வசதியானவர்களின் முகச்சுளிப்பு, பாடுபட்டுப் பிழைக்கிற புலம்பெயர்ந்தவர்கள் மீதான காழ்ப்பு என்ற மறுப்பும் வரும். அதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். தெற்கு லண்டனில் தெருவுக்குத் தெரு தெரியும் மோர்லீஸ் கோழிக்கடையை 1985இல் தொடங்கியவரே இலங்கையிலிருந்து வந்தவர். இந்த நாட்டில் காலூன்ற எத்தனையோ பேருக்குக் கடை ஒரு வழியாக இருந்திருக்கிறது. சில ஆட்சேபக் கடிதங்களில் சமையல் வாசனையைவிட சமைப்பவரின் ஊர்தான் மூக்கை உறுத்துகிறது என்பதும் உண்மை. ஆனால் தெளிவான தூரக் கணக்கு இல்லாததால் முதலில் அடி வாங்குபவரும் அந்தக் கடைக்காரர்தான். குத்தகையில் கையெழுத்திட்டு, கடன் வாங்கி அடுப்பும் குழாயும் பொருத்திய பிறகு, அந்த ஊர் அதிகாரியின் கணிப்பில் அவர் தலைவிதி தொங்குகிறது. இன்ன இடத்தில் முடியாது என்று முன்பே எழுதிவைத்தால் அவர் அங்கே பணத்தைக் கொட்ட மாட்டார். கடைவீதிகள் காலியாகக் கிடக்கின்றன என்றால், காலிக் கடைகள் கடைவீதியிலேயே நிரம்பட்டும். அதை யார் வேண்டாமென்றார்கள்?

இதையெல்லாம் யாரிடம் முறையிடுவது? விண்ணப்பம் மறுக்கப்பட்டால் கடைக்காரர் பிரிஸ்டலில் உள்ள திட்ட ஆய்வு அலுவலகத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுக்கப்பட்டால் மேல்மாடிக்காரருக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. அவருக்கு இருப்பது ஆட்சேபம் எழுத 21 நாட்கள். எல்லாம் முடிந்தபின் முடிவில் சட்டப்பிழை உண்டா என்று மட்டும் பார்க்கும் நீதிமன்றம், அதுவும் கைக்காசில். எல்லோருக்கும் மேல்முறையீடு தந்தால் நாட்டில் எதுவும் கட்ட முடியாது என்று பதறுவீர்கள். பக்கத்து அயர்லாந்தில் ஆட்சேபித்தவருக்கும் அந்த உரிமை இருக்கிறது. தாமதமாகிறது என்ற முறைப்பாடும் அங்கே உண்டு. ஆனாலும் டப்ளினில் யாரும் பட்டினியாகக் கிடப்பதாகத் தெரியவில்லை.

ஆகையால் விண்ணப்பம் சிறியது. 400 மீட்டர் கேட்கும் பேராசை எங்களுக்கு இல்லை. புகைபோக்கியின் வாய்க்கும் படுக்கையறைச் சன்னலுக்கும் இடையே இத்தனை மீட்டர் என்று ஓர் எண்ணை, நாற்காலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும்படி, அடுத்த திருத்தத்தில் எழுதிவையுங்கள். இயலாதென்றால் எங்கள் வீடுகளைப் பள்ளிக்கூடங்களாகப் பதிவு செய்ய அனுமதியுங்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டுப்பாடமும் நடக்கிறது. விண்ணப்பக் கட்டணம் எவ்வளவு என்று தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
காற்று வீசும் பக்கத்தில் குடியிருப்போர்