பெருமாளையும் விட்டு வைக்கல!

ஏலே மக்கா, ‘மோபி டிக்’ நாவலா படிக்க? படி, வேண்டாங்கல. அதுக்கு எதுக்குலே பக்கத்துல அகராதி, அடிக்குறிப்புப் புத்தகம், மூணு கலர் பேனா? பந்தியில உக்காந்துக்கிட்டு கூட்டுல எத்தனை கடுகுன்னு எண்ணுத மாதிரில்லா இருக்கு!

அதை எழுதுன மெல்வில் லேசுப்பட்ட ஆளு இல்ல. 1841-ல திமிங்கில வேட்டைக் கப்பல் ஏறிப் போனவன். பத்து வருசங் கழிச்சு அந்தத் தொழிலுக்குப் பெருமை தேடி ஆள் பிடிக்கான் பாரு! செயிண்ட் ஜார்ஜ் குத்துனது டிராகன் இல்லியாம், திமிங்கிலமாம். மீன் வயித்துல கெடந்த யோனாவும் நம்ம ஆளுதானாம். கடைசியில யாரைச் சேக்கான்னு நெனைக்க? பெருமாளை! வேதத்தை மீட்க மச்சாவதாரம் எடுத்தாருல்லா, அதுவும் திமிங்கிலந்தானாம். இன்னொரு எடத்துல, லண்டன்ல தூண் உச்சியில நிக்க தளபதி நெல்சன் சிலை இருக்கே, அது பாய்மரத்துல ஏறிக் காவல் நிக்குதாம்.

நீ அதையெல்லாம் தேடித் தேடி நோட்டுல எழுதுத. அவன் சிரிச்சிக்கிட்டுல்லா சொல்லுதான்! சிரிக்க வேண்டிய எடத்துல கோடு போட்டா எப்படிலே?

சிரிக்காமச் சொன்னதும் உண்டு. எஸ்ஸெக்ஸ்னு ஒரு நாண்டக்கெட் தீவுக் கப்பல். 1820 நவம்பர்ல பசிபிக் நடுக்கடல்ல திமிங்கிலம் முட்டி முங்கிப் போச்சு. படகுல தப்புனவன் பசி தாங்காம செத்தவனைத் தின்னான். பொறவு சீட்டுப் போட்டு ஒருத்தனைச் சுட்டுக் கொன்னும் தின்னான். கேப்டன் பொல்லார்ட் பொழைச்சு வந்து இன்னொரு கப்பல் ஏறுனாரு. அதையும் பவளப்பாறையில விட்டாச்சு. கடைசியில சொந்த ஊருல ராக்காவல். மெல்வில் அவரை நேர்ல பாத்தது எப்பங்க? 1852-ல. புத்தகம் வந்ததோ 1851-ல! நாண்டக்கெட்டைப் பத்தி அத்தனை பக்கம் எழுதுன மனுசன் அந்தத் தீவுல காலு வச்சதே அப்பந்தான்.

மெல்வில் கதையில வார கப்பலுக்குப் பேரு பீக்வாட். 1630-கள்ல கனெக்டிகட் பக்கம் வெள்ளைக்காரன் அடிச்சு நொறுக்குன பூர்வகுடியோட பேரு அது. அந்தச் சனம் பூண்டோட அழிஞ்சாச்சுன்னு நாவல்ல அடிச்சுச் சொல்லுதான். அழிஞ்சா போச்சு? 1983-ல அந்த இனத்துல ஒரு பிரிவை அமெரிக்க அரசாங்கமே அங்கீகாரம் பண்ணுச்சு. இப்பம் அவுக பெரிய சூதாட்ட மாளிகை நடத்துதாவ. அடிச்சவன் பேரப்புள்ளைக வரிசையில நின்னு காசைத் தொலைக்கு.

ஒன் அடிக்குறிப்புக்காரன் இதைச் சொன்னானாலே?