பதினாறு ஆண்டுப் பந்தயம்

கேள்வி: ஜெயித்த பந்தயத்தைக் கோட்டைவிட்டவர் லிண்ட்சே ஜேக்கபெல்லிஸ். அவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறீர்கள்?

பதில்: கோட்டைவிட்டவர்தான், ஆனால் களத்தை விடவில்லையே! 2006 டூரின் ஒலிம்பிக்கில்தான் ஸ்னோபோர்டு கிராஸ் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. நான்கு பேர் ஒன்றாகப் பனிச்சரிவில் இறங்குவார்கள். மேடு, வளைவு, தாவல் எல்லாம் தாண்டி முதலில் வருபவருக்குத் தங்கம்; அழகுக்கு மதிப்பெண் கிடையாது. 20 வயது அமெரிக்கப் பெண், பின்னால் யாரும் நெருங்காத தெம்பில், கடைசிக்கு முந்தைய தாவலில் அந்தரத்தில் பலகையைப் பிடித்து ஒரு வித்தை காட்டினார். விழுந்தார். சுவிட்சர்லாந்தின் தான்யா ஃப்ரீடன் தங்கத்தோடு போனார்; இவருக்கு வெள்ளி.

அடுத்த மூன்று ஒலிம்பிக்கிலும் பதக்கமே இல்லை. இடையில் உலகப் பட்டங்களை அள்ளினார், ஆனாலும் எல்லோரும் கேட்டது அந்த ஒரு தாவலைப் பற்றித்தான். எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இருபது வயதில் குதூகலிப்பது குற்றமா?

2022 பெய்ஜிங்கில் 36 வயதில் தனிநபர் தங்கம் வென்றார். மூன்றே நாளில் நிக் பாம்கார்ட்னருடன் கலப்பு அணிப் போட்டியிலும் தங்கம். பாம்கார்ட்னருக்கு வயது 40. ஆக, ஜோடியின் வயது 76!